கலியாணசுந்தரத்தின் வலது காது

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவுக்கு நாற்பது தறி என்றால், நாற்பது தறியையும் கண்ணால் பார்க்காமல் யாருடையது என்று சொல்லக்கூடிய ஆள் ஒருத்தர்தான் இருந்தார். அவர் கலியாணசுந்தரம். தெருவில் நடந்து போகும்போதே ஒரு வாசலில் நின்று, "உன் பாவு தொஞ்சிருக்குதுபா, கொஞ்சம் இழுத்துக் கட்டு" என்பார். உள்ளே இருக்கிறவன் எழுந்து பார்த்தால் தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூல் தொய்ந்துதான் இருக்கும். ஒரு தடவை கோயிலில் நாதஸ்வரக்காரரிடமே போய், வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை மாற்றச் சொன்னார். அந்த மனுஷர் முறைத்தார், பிறகு மாற்றினார், அதற்கப்புறம் இவரைக் கண்டால் தூரத்திலேயே கும்பிடு போட்டுவிடுவார்.

மற்றபடி கலியாணசுந்தரத்திடம் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது. ஒன்பது வயதில் அப்பாவுக்குத் துணையாகத் தறியில் உட்கார்ந்தவர். காஞ்சிபுரத்துப் பட்டில் கரைக்கு ஒரு நிறம், உடம்புக்கு ஒரு நிறம் வரவேண்டும் என்றால் கோர்வை போடவேண்டும். அதற்கு நெய்கிறவரின் இடப்பக்கம் இன்னொருத்தர் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவை வீசவேண்டும். அந்த இடத்தில் பதினாறு வயது வரை உட்கார்ந்திருந்தார். பிறகு தறி அவருடையதானது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த இடப்பக்கத்து இடம் மனைவி தில்லையம்மாளுடையதானது. முப்பத்திரண்டு வருஷமாக இருவரும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறார்கள். தெருவில் எல்லோரும் செய்கிற வேலை, எல்லோரும் வாழ்கிற வாழ்க்கை. அவரைத் தனியாகக் காட்டியது அந்தக் காதும், அதோடு சேர்ந்து வந்த பாட்டும்தான்.

பாட்டை அவர் யாரிடமும் போய் உட்கார்ந்து கற்கவில்லை. கோயிலில் ஓதுவார் பாடுவதைத் தூணோரம் நின்று கேட்டார். வீட்டுக்கு வந்து தறியில் பாடினார். அவ்வளவுதான். காலையில் முதல் இழை போடும்போது ஒரு பதிகம் பாடித்தான் தொடங்குவார். கால்பலகையை மிதிக்கிற தாளத்திலேயே பாட்டு போகும்.

அந்தத் தெருக்கோடியில் சங்கக் கட்டிடம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே எட்டுப் பேர் கூடிப் பதிகம் பாடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் புறப்பாட்டன்று அந்த எட்டுப் பேரும் சாமிக்குப் பின்னால் பாடிக்கொண்டே வீதி சுற்றுவார்கள். ஊரே பார்க்கும். தம்புராவைத் தோளில் தொங்கவிட்டு முன்னால் நடந்து முதல் அடியை எடுத்துக் கொடுப்பவர் கலியாணசுந்தரம். அவர் எடுக்காமல் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். இருபத்தோரு வருஷமாக அப்படித்தான்.

போன வருஷம் ஆடி மாதத்தில் முதல் தகராறு வந்தது. சுருதிப் பெட்டியோடு.

கரண்டில் ஓடும் சின்னப் பெட்டி அது. இரண்டு கட்டைச் சுருதியில் வைத்துவிட்டால் சலிக்காமல் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். அதை இடது பக்கம் வைத்து, தம்புராவை வலது தோளில் சாய்த்து, பெட்டியோடு தந்திகளைச் சேர்ப்பது கலியாணசுந்தரத்தின் வழக்கம். அன்றைக்கு எவ்வளவு முறுக்கியும் சேரவில்லை. ஒருவழியாகச் சேர்ந்தது என்று அவர் நிமிர்ந்தபோது மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெட்டியும் தம்புராவும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றன. அவரோ கண்ணை மூடிக்கொண்டு திருப்தியாக மீட்டினார்.

"பெட்டி கெட்டுப்போச்சு போல" என்றார் மயில்வாகனம். அவர்தான் கூட்டத்தின் செயலாளர், கலியாணசுந்தரத்தோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். "எம்மா வருஷத்துப் பெட்டி. கலியாணம் காதுக்கு ஒத்து வரலைன்னா அப்புறம் அது இன்னாத்துக்கு?"

நல்ல பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்கள். புதுசு வந்தது. ஐப்பசிக்குள் அதுவும் கெட்டுப்போனது. எட்டுப் பேரில் ஒருத்தருக்காவது தலைக்குள் ஒரு பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டியிருந்தாலும் யாரும் சொல்லவில்லை. அந்தத் தெருவில் சூரியன் மேற்கே உதித்தால்கூட முதலில் சூரியனைத்தான் சந்தேகப்படுவார்கள், கலியாணசுந்தரத்தின் காதை அல்ல.

மாசி மாதத்தில் மயில்வாகனம் ஒரு டியூனர் வாங்கி வந்தார். துணி காயப்போடும் கிளிப்பைவிடக் கொஞ்சம் பெரிசு. தம்புராவின் கழுத்தில் கவ்வவிட்டால் போதும், மரத்தில் ஓடும் அதிர்வை வைத்தே எந்தச் சுருதி என்று சொல்லிவிடும். சுருதி விலகினால் சிவப்பு, சரியாக நின்றால் பச்சை. கதிர்வேல்தான் அதைப் பற்றிச் சொன்னவன். கூட்டத்தில் இளையவன் அவன், முப்பத்தைந்து வயது, கலியாணசுந்தரத்துக்கு அடுத்த குரல் அவனுடையது.

"புறப்பாட்டுல மேளம், வேட்டு, மைக்செட்டு எல்லாம் போட்டுத் தாக்குவாங்க மாமா. தம்புரா எறங்கினாக்கூடத் தெரியாது. கிதார் வாசிக்கிறவங்க எல்லாம் இதத்தான் மாட்டிக்கினு இருக்கிறாங்க. எம்மா சத்தத்துலயும் கரெக்டா காட்டும்."

"மாட்டுபா, பாக்கலாம்" என்றார் கலியாணசுந்தரம், கொஞ்சம் இளப்பமாக. முதலில் தன் காதாலேயே நான்கு தந்திகளையும் சேர்த்தார். பிறகு கிளிப்பை மாட்டச் சொன்னார். பரீட்சை அவருக்கு இல்லையாம், மிஷினுக்காம்.

சாரணித் தந்தியை மீட்டினார். சிவப்பு. அடுத்ததை மீட்டினார். சிவப்பு. கிளிப்பின் சின்னத் திரையில் முள் வலது பக்கம் தள்ளி நின்றது. சுருதி ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

மயில்வாகனம் தொடையில் தட்டிச் சிரித்தார். "இது வெள்ளக்காரன் சுருதிபா! அவன் கிதாருக்குப் பண்ணது. நம்ம பதிகம் அதுக்கு இன்னா தெரியும்?" எல்லோரும் சிரித்தார்கள். அப்படித்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. கதிர்வேல் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கலியாணசுந்தரம் பார்த்துவிட்டார்.

மறுநாள் தம்புராவுக்கு உறை மாட்டி, ஆட்டோ பிடித்து, ராஜவீதிப் பக்கம் வாத்தியக் கடை வைத்திருக்கும் டேனியலிடம் போனார். கீபோர்டு, கிதார் எல்லாம் பழுது பார்க்கிற ஆள் டேனியல். மாதா கோயிலில் வாசிக்கிறவர்.

"இது ராங்கா காட்டுது. வேற நல்லதா குடுங்க" என்று டியூனரை மேஜைமேல் வைத்தார்.

டேனியல் ஒரு கிதாரில் மாட்டிப் பார்த்தார். பச்சை. கடையில் இருந்த வேறு இரண்டு டியூனர்களைத் தம்புராவில் மாட்டினார். இரண்டும் சிவப்பு. போனில் ஒன்றைத் திறந்து தந்தி அருகே வைத்தார். அதுவும் வலது பக்கம்தான் சாய்ந்தது. கீபோர்டில் அதே இரண்டு கட்டைச் சுருதியை அழுத்திப் பிடித்தபடி தம்புராவை மீட்டச் சொன்னார். பக்கத்தில் சாமான் வாங்க வந்திருந்த ஒரு அம்மாள்கூட முகத்தைச் சுளித்தாள்.

"சேருதே" என்றார் கலியாணசுந்தரம்.

டேனியல் ஒரு ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்டினார். "ஐயா, கண்ண மூடிக்கோங்க. ரெண்டு சத்தம் குடுக்கிறேன். எது ஒசந்தது, எது எறங்கினதுன்னு சொல்லுங்க."

இடது காதில் ஒரு சத்தம் வந்து நின்றது. பிறகு வலது காதில் ஒன்று.

"ரெண்டாவது கொஞ்சம் எறங்கியிருக்குது" என்றார் உடனே. இந்த மாதிரிச் சோதனை அவருக்கு லட்டு மாதிரி. "கால் கட்டைகூட இல்ல, அதுக்கும் கம்மி. ஆனா எறங்கியிருக்குது."

டேனியல் மறுபடியும் கொடுத்தார். மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாவது தடவையும்.

டேனியல் ஹெட்போனைக் கழற்றினார். அந்த மனுஷருக்குச் சொல்லவும் மனசில்லை, சொல்லாமல் விடவும் முடியவில்லை. "ஐயா, நான் ஒரே கட்டையத்தான் அமுத்தினேன். மூணு வாட்டியும்."

கலியாணசுந்தரத்துக்குத் தம்புராவை உறைக்குள் போடும்போது முடிச்சு போட வரவில்லை. டேனியல்தான் போட்டுக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். டாக்டர் அம்மா காகிதத்தில் கோடுகளைப் பார்த்துவிட்டு, வலது காதின் உள் நரம்பு தேய்ந்திருக்கிறது, அதனால்தான் ஒரே சத்தம் இரண்டு காதுக்கும் இரண்டு விதமாகக் கேட்கிறது என்றார். தறிச் சத்தமாக இருக்கலாம், வயசாக இருக்கலாம். வலது பக்கம் ரொம்ப நாள் சத்தம் கேட்டீர்களா என்று விசாரித்தார்.

அப்பாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்த அந்த ஏழு வருஷமும் வலது காதோரத்தில்தான் இழையை அடித்து இறுக்கும் பலகை விழுந்தது. இவ்வளவு நாள் அதை அவர் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

"காதுல மிஷின் வெச்சுக்கினா சரியாய்டுமா, அம்மா?"

"மிஷின் சத்தத்தைக் கூட்டிக் குடுக்கும். சுருதியைத் திருத்தாது."

"தம்புராவுல ஒவ்வொரு தந்திக்கும் ஒரு பிருடை இருக்குது. திருகினா சரியாய்டும். காதுக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்லையா?"

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. "இல்லைங்க" என்றார்.

புறப்பாட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் மனுஷர் படாத பாடு பட்டார். தில்லையம்மாள் கடைக்குப் போகும் நேரம் பார்த்து வலது காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு பாடிப் பார்த்தார். குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல அவர் குரல் அவருக்குள்ளேயே முழங்கியது, சுருதி மூழ்கிப்போனது. பஞ்சை எடுத்துவிட்டு, டியூனரை மாட்டி, பச்சை வரும்வரை தந்தியைத் தளர்த்தினார். பச்சை வந்தது. ஒரு தந்தியைத்தான் மீட்டினார், இரண்டு தந்தி கேட்டது. இவ்வளவு நாளாக, இடது காதில் கேட்ட பெட்டியோடு சேரட்டும் என்று வலது காதில் கேட்ட தம்புராவை ஏற்றி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். போனில் டியூனரைத் திறந்து வைத்துத் தான் பாடுவதையும் பார்த்தார். அவர் நிம்மதியாக நின்ற இடத்தில் முள் நிற்கவில்லை. சிவப்பிலேயே கிடந்தது.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். மயில்வாகனம் கட்டிப்பிடித்து அழுதிருப்பார். தில்லையம்மாள் நேர்ந்துகொள்ளாத சாமி இருந்திருக்காது. ஆனால் சொன்னால் என்ன மிஞ்சும்? நாற்பது தறியில் ஒரு தறிக்காரர். தெருவில் நடந்து போகும்போது வாசலில் நின்று யாருக்கும் எதுவும் சொல்ல முடியாத ஒரு ஆள். சொல்லாமலே இருந்துவிட்டார்.

புறப்பாட்டன்று காலையில் எட்டுப் பேரும் குளித்து, திருநீறு பூசி, சந்நிதித் தெரு முனையில் கூடினார்கள். கலியாணசுந்தரம் தம்புராவோடு ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். கழுத்தில் டியூனரை மாட்டி, மற்றவர்கள் கண்ணுக்குப் படாமல் துண்டால் மறைத்துக்கொண்டார். முதல் தந்தி, பச்சை. இரண்டாவது, பச்சை. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு பச்சைக்கும் அவர் காதில் சுருதி கோணிக்கொண்டே போனது. கை தானாகப் பிருடையை ஏற்றப் போகும். கையைப் பிடித்து நிறுத்தி, விளக்கை மட்டும் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் சுருதி சேர்த்தார்.

எழுந்து மீட்டியதும் மற்ற ஏழு பேர் முகமும் மலர்ந்துவிட்டது.

"ஆகா!" என்றார் மயில்வாகனம். "இன்னாமா சேருது பாரு! அந்தப் பெட்டியும் வேணாம், அந்தக் கிளிப்பும் வேணாம். கலியாணம், உன் காது காதுதான்பா!"

இருபத்தோரு வருஷத்தில் அந்தப் பாராட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அது நெஞ்சில் குத்தியது. துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டார்.

மேளம் முழங்கியது. சாமி புறப்பட்டது. கூட்டம் வழிவிட்டது. முதல் அடியை எடுக்கவேண்டும்.

எடுத்தார். எந்த இடத்தில் குரலை நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. தம்புரா ஒன்று சொன்னது, காது இன்னொன்று சொன்னது, விளக்கோ அவர் குரலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பழக்கத்தில் எங்கே நிற்குமோ அங்கே நின்றார். பக்கத்தில் நடந்த கதிர்வேலின் கண் இமைகள் ஒரு கணம் இறுகி மூடித் திறந்தன.

அந்த மூடலை ஆடியிலிருந்தே வெள்ளிக்கிழமைதோறும் பார்த்திருக்கிறார். பையனுக்கு என்ன பக்தி என்று நினைத்திருந்தார்.

முதல் பாட்டை எப்படியோ முடித்தார். முடித்ததும் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இருமி, கதிர்வேலைப் பார்த்துத் தலையசைத்தார். "நீ எடுபா. எனக்குத் தொண்ட கட்டிக்கினு இருக்குது."

"மாமா..."

"எடுன்றேன் இல்ல!"

கதிர்வேல் எடுத்தான். சுருதியில் அவன் குரல் போய் அப்படியே பொருந்தியது. மற்ற ஆறு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கலியாணசுந்தரம் மீட்டிக்கொண்டே வாயை மட்டும் அசைத்தார். வழியில் நின்ற ஜனங்கள் கைகூப்பினார்கள். ஒருத்தர், "இந்தப் பாட்டக் கேளேன்" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்தார். நன்றாகத்தான் பாடுகிறார்கள் என்று எல்லோர் முகத்திலும் தெரிந்தது. அவர் காதுக்கு மட்டும் இரண்டு கூட்டங்கள் ஒரே பதிகத்தை மாறி மாறிப் பாடின. அதில் எது நிஜக் கூட்டம் என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. வீதி நெடுக அவருக்கு அழுகை முட்டிக்கொண்டே வந்தது. வாயை அசைக்கிறவருக்கு அழ ஏது நேரம்?

சாமி கோயிலுக்குள் திரும்பிய பிறகு மயில்வாகனம் ஒவ்வொருவர் தோளிலும் தட்டினார். இந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் பாடியதில்லை என்றார். ஓதுவாரே கூப்பிட்டுச் சொன்னாராம். கதிர்வேல் தம்புராவை வாங்கி உறை மாட்டினான். மாட்டும்போது டியூனர் அவன் கையில் பட்டது. அதைக் கழற்றி, யாரும் பார்க்காமல் கலியாணசுந்தரத்தின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான்.

மறுநாள் காலை தறியில் உட்கார்ந்தார்கள். தில்லையம்மாள் இடப்பக்கம், கரை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு. அரக்குச் சிவப்பு உடம்பு, மாம்பழ மஞ்சள் கரை.

"நேத்து நம்ம தெரு முனையில தேங்கா வெச்சுக்கினு நின்னேனே, பாத்தீங்களா?"

"ம்."

"கூட்டம் நல்லா பாடிச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குத்தான் மனசே ஆவல. உங்க குரலையே தேடிக்கினு இருந்தேன். வரவே இல்லையே."

"மேளச் சத்தத்துல கேட்டிருக்காது."

"மேளமா?" தில்லையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பத்திரண்டு வருசமா இந்தத் தறிச் சத்தத்துல உக்காந்துக்கினு கேக்கிறேன். மேளம் எனக்கு எந்த மூல? நீங்க பாடல."

கலியாணசுந்தரம் அவளைத் திரும்பிப் பார்த்தார். தோடு போட்ட அவள் வலது காது அவருக்குப் பக்கத்தில், இழையை அடிக்கும் பலகைக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. முப்பத்திரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறது. அவர் அந்த இடத்தில் உட்கார்ந்தது ஏழு வருஷம்தான்.

"சரி, தொண்ட சரியாச்சா? எடுங்க. பாட்டு இல்லாம மொத இழ போடுவாங்களா?"

அவள் நாடாவை விரல்களில் பிடித்தபடி, பாட்டு வரட்டும் என்று காத்திருந்தாள். கலியாணசுந்தரம் பாட்டை எடுக்காமலே கால்பலகையை மிதித்தார்.